மரக்கிண்ணமும் பஞ்சும்: கயல்விழிக்கு ஒரு கடிதம்

தஞ்சாவூர்

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். சென்ற முறை ஊருக்கு வந்தபோது நீ விட்டுச் சென்ற கிராடோ ஆர்எஸ்1இ ஹெட்போனை நன்றாகக் கேட்டுப் பார்த்து, அதைவிட விலை கூடிய மர ஹெட்போன் ஒன்றை நீ வாங்குவது தகுமா என்று சொல்லும்படி கேட்டிருந்தாய். தொலைபேசியில் தொடங்கினால் பேச்சு பாதியிலேயே மாமா வீட்டுக் கல்யாணத்துக்குத் திரும்பிவிடும் என்பதால் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மரத்துக்காக இன்னொரு முறை பணம் செலவழிக்காதே. காரணங்களைப் பொறுமையாகப் படி. கல்லூரியில் இயற்பியல் நடத்திய பழக்கத்தால் கொஞ்சம் நீளும்.

இதைச் செய்கிறவர்கள் நீ குடியிருக்கும் புரூக்ளினிலேயே இருப்பது உனக்குத் தெரிந்ததுதான். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் வேலை தெரிந்த ஜோசப் கிராடோ 1953-இல் தம் வீட்டுச் சமையலறை மேசையில் ரிக்கார்டு பிளேயருக்கான கார்ட்ரிட்ஜ்களை, அதாவது ஊசியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகங்களை, செய்யத் தொடங்கினார். பின்னர் அவர் குடும்பத்தின் பழக்கடை இருந்த கட்டடமே பட்டறையாயிற்று. ஹெட்போன் வெகுகாலம் கழித்து, 1990-ஐ ஒட்டித்தான் வந்தது. ரிக்கார்டின் ஒலியை மிக நுண்ணியதோர் ஊசியிலிருந்து எடுக்கத் தெரிந்தவர்கள் செய்த பொருள் என்பது கேட்கும்போது புரிகிறது. 2015-இல் தங்கள் ஊரிலேயே வளர்ந்த மேப்பிள் மரம் ஒன்றை அறுத்து அதிலிருந்து ஒரு வகை ஹெட்போனை அவர்கள் செய்தார்கள் என்று படித்தபோது, நம் வயல்காரர்கள் வரப்போரம் மகோகனி நட்டுவிட்டுக் காத்திருப்பது நினைவுக்கு வந்தது. உன் ஹெட்போனின் கிண்ணமும் மகோகனிதான்.

இனி மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலா மரத்தைக் குடைந்து வீணை செய்கிற ஊரில் இருப்பவளிடம் நீ கேட்டிருக்கிறாய் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வீணையில் தந்தி தானாக உண்டாக்கும் ஒலி மிகச் சிறியது. தந்தியைத் தாங்கும் குதிரை என்னும் கட்டை வழியாக அந்த அதிர்வு குடத்தின் மேற்பலகைக்குப் போய், பலகை தானும் அதிர்ந்து காற்றைத் தள்ளுவதால்தான் கூடம் நிறைய நாதம் கேட்கிறது. ஆகவே வீணையின் மரம் பாட வேண்டும், எந்த அளவுக்குப் பாடுகிறதோ அந்த அளவுக்கு அதற்கு மதிப்பு. ஹெட்போனில் நிலைமை நேர் எதிர். அங்கே ஒலியை உண்டாக்கும் வேலை முழுவதையும் டிரைவர் என்னும் சின்ன ஒலிபெருக்கியின் மெல்லிய சவ்வு செய்துவிடுகிறது. அதைத் தாங்கி நிற்கும் கிண்ணமும் தன் பங்குக்கு அதிர்ந்தால், பாடகர் பாடாத ஒரு ஒலி பாட்டோடு கலந்துவிடும். நல்ல மரத்துக்கு அதிர்வைத் தன்னுள்ளேயே விழுங்கிவிடும் குணம் உண்டு. மெல்லிய பிளாஸ்டிக்கும் தகரமும் போல அது எளிதில் ரீங்கரிப்பதில்லை. அந்த அளவில் மரம் நல்ல தேர்வு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பெருமை வாய் திறக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது. இன்ன மரம் வெதுவெதுப்பான ஒலியைத் தரும், இன்ன மரம் இனிமையான ஒலியைத் தரும் என்று விற்பவர்கள் எழுதும்போது, வீணைக்குரிய புகழை எடுத்து ஹெட்போனுக்குச் சூட்டுகிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. காதுக்கும் டிரைவருக்கும் நடுவே இருக்கும் பஞ்சை மாற்றினால் மேல்சுருதி ஒலிகளில் சில டெசிபல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) வேறுபாடு உடனே வந்துவிடும். மகோகனிக்குப் பதில் மேப்பிளை வைப்பதால் வரும் வேறுபாடு அதன் பக்கத்தில் நிற்காது.

நீ விரும்பும் அந்த ஒலிக்கு உண்மையான காரணம் கிண்ணத்தின் பின்பக்கம் திறந்திருப்பதுதான். சவ்வு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் ஒன்றுக்கொன்று எதிரானவை. மூடிய ஹெட்போனில் பின்பக்க ஒலி உள்ளே அடைபட்டுச் சுவரில் மோதித் திரும்பி வந்து குழப்பும். உன்னுடையதில் அது கம்பிவலை வழியாக வெளியேறிப் போய்விடுகிறது. சென்ஹைசர் நிறுவனம் 1968-இல் மஞ்சள் பஞ்சு வைத்து வெளியிட்ட எச்டி 414-தான் இந்த வகையில் முதலாவது. அதுவரை ஹெட்போன் என்றால் காதை அடைத்துக்கொள்ளும் பொருள் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். திறந்த வகையில் பாடுபவரின் குரல் காதுக்குள் திணிக்கப்பட்டதாக இல்லாமல், எதிரே சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாடுவதாகத் தோன்றுகிறது. காற்றோட்டமான ஒலி என்று நீ சொன்னது சரியான சொல்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை அதிரும், ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு இந்தச் சின்னக் கிண்ணம் ஒரு தடையே அன்று என்பதால், முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் பஞ்சின் இடுக்குகளிலும் ஓரங்களிலும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெல்ல இறங்கிவிடுகிறது. மிருதங்கத்தைக் கேட்டால் இது தெளிவாகத் தெரியும். வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், விழும் சாப்பு என்னும் அடி, விரல் தோலைத் தொடும் இடம் வரைக்கும் காட்டிக் கொடுக்கிறது. ஆனால் தொப்பி என்னும் இடப்பக்கத் தோலில் கும்கி என்னும் குழைந்த தாழ்ஒலி எழும்பும்போது அதன் குழைவு மட்டும் வந்து, வயிற்றில் உணரும் அந்தக் கனம் வருவதில்லை. நம் சங்கீதத்துக்கு இது பெரிய குறையாக எனக்குத் தோன்றவில்லை. நீ கேட்கும் இந்தக் காலத்துச் சினிமாப் பாட்டுகளுக்கு நிச்சயம் குறைதான்.

தம்பூராவுக்காகவே இதை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வேன். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஜீவாளி நூலைச் சரியான இடத்தில் வைத்தால் ஒரே தந்தியிலிருந்து மேல்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து வருமல்லவா, அவை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கின்றன. கர்நாடக சங்கீதப் பாடகர் எம்.டி. ராமநாதனின் தாழ்ந்த சுருதிக் குரல் எப்படியிருக்கும் என்று சந்தேகத்தோடுதான் தொடங்கினேன், ஆனால் அவருடைய நிதானமும் எழுத்துகளின் உச்சரிப்பும் முழுமையாக வந்துவிடுவதால் அடித்தளம் சற்று மெலிந்ததே உறைக்கவில்லை. வயலின் மேல்ஸ்தாயிக்குப் போகும்போதும் நாகஸ்வரத்திலும் இதன் மறுபக்கம் தெரிகிறது. மேல் அதிர்வெண்களை இது கூர்மையாகக் கொடுப்பதால், நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பழைய பதிவுகளில் ரிக்கார்டின் கீறல் சத்தமும் சேர்ந்து முன்னால் வந்து நின்றுவிடுகிறது. அரை மணி நேரத்துக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. இதில் நீ கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. என் வயதில் 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் காது பெரிதாக எதையும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட எனக்கே கூர்மையாகப் படுகிறதென்றால், உன் இளங்காதுக்கு அது இன்னும் அதிகமாகவே உறுத்தும். பெட்டியில் 12 முதல் 30,000 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருப்பதில் கடைசிப் பகுதியை வௌவால்களுக்கு விட்டுவிடலாம். மனிதக் காதின் எல்லையே 20,000 தான்.

ஒலிமேடை, அதாவது வாத்தியங்கள் பரவி உட்கார்ந்திருப்பதாகக் காதுக்குத் தோன்றும் இடம், விரிவாக இருக்கிறது என்று நீ மெச்சிய விஷயத்திலும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். நம் வீட்டில் நான் கேட்கும் பழைய கச்சேரிகளில் பெரும்பாலானவை மோனோ பதிவுகள். இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போனால், ஹெட்போன் எவ்வளவு திறந்ததாக இருந்தாலும் பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் தலைக்கு நடுவிலேயே ஒருவர்மேல் ஒருவராக உட்கார்ந்துகொள்வார்கள். ஸ்டீரியோவில் பதிவான அண்மைக்காலக் கச்சேரிகளில்தான் வயலின் ஒரு பக்கமும் மிருதங்கம் மறுபக்கமுமாக மேடை விரிகிறது. எனவே விலை கூடக்கூட மேடை விரியும் என்று எண்ணி வாங்கினால், நீ அனுப்பி வைக்கச் சொல்லிக் கேட்கும் என் பழைய ஒலிநாடாப் பதிவுகளுக்கு அதனால் ஒரு பயனும் இராது.

தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டுமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். 32 ஓம் மின்தடையும், ஒரு மில்லிவாட்டுக்கு 99.8 டெசிபலும் என்று குறித்திருக்கிறார்கள். ஒரு வோல்ட் கிடைத்தாலே 31 மில்லிவாட், அதாவது 115 டெசிபலை நெருங்கும் ஒலி. அது காதைக் கெடுக்கப் போதுமானதற்கும் மேல். சாதாரண கைப்பேசியே இதை நன்றாக இயக்கிவிடுகிறது.

அணிந்துகொள்ளும் வசதியைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. இது காதைச் சுற்றி உட்காரும் வகை அன்று, காதின்மேல் உட்காரும் வகை. உனக்கு அது பொருட்டாகாது. தோடு போட்டவளுக்கு அப்படியில்லை, திருகாணி காதின் பின்னே குத்தத் தொடங்கிவிடுகிறது. கழற்றி வைத்துவிட்டுக் கேட்டால், அப்பா ‘காது ஏன் மூளியாயிருக்கிறது’ என்கிறார். மூக்குக் கண்ணாடியின் தண்டும் பஞ்சுக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. தலைப்பட்டைக்குள் உலோகத் தகடு இருப்பதால் மெதுவாக, சிறிது சிறிதாக விரித்து வளைத்தால் அழுத்தம் குறையும். அப்படிச் செய்த பிறகு எனக்கு எவ்வளவோ எளிதாயிற்று. மொத்த எடை கால் கிலோ அளவில்தான் இருப்பதால் கழுத்துக்கு ஒன்றும் தெரிவதில்லை. கொண்டையைச் சற்றுத் தாழ்த்திப் போட்டுக்கொண்டால் தலைப்பட்டையும் நழுவுவதில்லை. கேபிள் மட்டும் தாம்புக்கயிறு போலத் தடிமனாக இருக்கிறது. கிண்ணங்கள் முழு வட்டமாகச் சுழலக் கூடியவை என்பதால் அது முறுக்கிக்கொள்ளும், எடுத்து வைக்கும்போது ஒருமுறை பிரித்துவிட வேண்டும்.

சித்திரை வெயிலில் இந்தப் பஞ்சுக்கு நிகர் வேறில்லை. தோல் மெத்தை வைத்த மூடிய ஹெட்போன் இந்த ஊரில் கால் மணி நேரத்தில் காதைப் புழுக்கிவிடும். இது மூச்சு விடுகிறது. வியர்வை படிந்தால் பஞ்சைக் கழற்றி இளஞ்சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்திக்கொள்ளலாம். ஆனால் மின்விசிறி ஓடினால் அதன் சத்தம் நேராக உள்ளே வந்துவிடுகிறது, மின்விசிறியை நிறுத்தினால் கேட்க உட்கார முடியாது. அதனால் விடியற்காலையில்தான் கேட்கிறேன். அந்த நேரத்திலும் அப்பா காப்பி கேட்பது தெளிவாகக் காதில் விழுகிறது. இதை நன்மை என்பதா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.

உன் அறையில் உன்னோடு இன்னொரு பெண்ணும் தங்கியிருக்கிறாள் என்பதை இதோடு சேர்த்து யோசி. வெளிச்சத்தம் உள்ளே வருவது போலவே உன் பாட்டும் வெளியே போகும், இரவில் அவள் தூங்க முடியாது. சுரங்க ரயிலில் போட்டுக்கொண்டு போவதாக மட்டும் எண்ணாதே. அந்த இரைச்சலை மீற ஒலியைக் கூட்டிக்கொண்டே போவாய். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிக்கொண்டே போகும், 90 டெசிபலுக்கு 4 மணி நேரம்தான். பயணத்துக்கு மூடிய வகையில் சாதாரணமான ஒன்று போதும்.

நீ பார்த்து வைத்திருக்கும் ஆடிஸி எல்சிடி-2 போன்ற மரவளையம் வைத்தவற்றில் டிரைவரே வேறு வகை. தட்டையான சவ்வு முழுவதும் ஒரே சீராக அசைவதால் அடிஒலி நன்றாக இறங்கும். அந்த வேறுபாட்டுக்காக வாங்கினால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எடை அரைக் கிலோவைத் தாண்டும், பகல் முழுவதும் கணினி முன் உட்கார்ந்துவிட்டு வரும் உன் கழுத்துக்கு அது வேண்டுமா என்று பார்த்துக்கொள். கிராடோவிலேயே வேறு மரத்துக்கு மாறுவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

அந்தப் பணத்தில் மிகச் சிறிய பங்கை எடுத்துப் பஞ்சு வாங்கு. நடுவில் ஓட்டை உள்ள கிண்ண வடிவப் பஞ்சு டிரைவரைக் காதிலிருந்து தள்ளி வைக்கிறது. ஓட்டையில்லாத தட்டைப் பஞ்சில் கூர்மை அடங்கி அடிஒலி சற்றுக் கூடும். காதை முழுவதும் சுற்றி உட்காரும் பெரிய அளவிலும் ஒன்று கிடைக்கிறது, அதில் என் திருகாணிப் பிரச்சினையும் தீரும். ஆனால் குரலின் நெருக்கம் சற்றுக் குறையலாம். மூன்றிலும் ஒவ்வொரு ஜோடி வாங்கி, பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. நாகஸ்வரத்துக்குத் தட்டையையும் தம்பூராவுக்குப் பெரியதையும் போட்டுப் பார்க்க வேண்டும். அதுவரை ஹெட்போன் இங்கேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா