பழைய கார் சங்கத்தின் ஆண்டறிக்கை 2024–25: குழந்தைகளுக்குப் பெல்ட் போட்ட வருஷம்

தலைவர் ஐயாவுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் செயலாளரின் வணக்கம்.

வழக்கமான கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டம் பன்னிரண்டில் பதினொன்று நடந்தது, நவம்பர் கூட்டம் மட்டும் மழையில் நின்றது. ஜூனில் ஆழியாறு வழியாக வால்பாறை போனோம், பொங்கல் கழித்து மேட்டுப்பாளையம் வரை காலையில் ஒரு கார் ஓட்டம். புதிதாக நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள்: இரண்டு பத்மினி, ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஒரு வில்லிஸ் ஜீப். வரவு செலவை அக்கா தனியாக வாசிப்பார். மீதி நேரம் முழுக்க ஒரே விஷயத்தைத்தான் பேசப்போகிறேன், நம் பழைய வண்டிகளில் குழந்தைகளுக்காக சீட் பெல்ட் மாட்டியதைப் பற்றி, பொறுமையாகக் கேளுங்கள்.

வால்பாறையிலிருந்து இறங்கும்போது நடந்தது பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு அரைகுறையாகத் தெரியும். வண்டி என்னுடைய மார்க் 2 அம்பாசிடர். முன்னால் நீளமான ஒரே சீட்டு, ஓட்டியது நான், நடுவில் என் தங்கச்சியின் பேத்தி, ஆறு வயசு, ஜன்னலோரம் அவள் அம்மா. நாற்பது கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோடு, அதனால் இரண்டாவது கியரில் மெதுவாகத்தான் இறங்கினேன், முப்பதுகூட இருக்காது. ஒரு வளைவில் எதிரே பஸ் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு திரும்பியது, பிரேக்கை மிதித்தேன், வண்டி நின்றது, பஸ்ஸைத் தொடக்கூட இல்லை. ஆனால் பாப்பா நிற்கவில்லை. அவள் அம்மா கையை நீட்டிப் பிடித்தாள், பிடித்த கையோடு குழந்தையின் நெற்றி டேஷ்போர்டு தகரத்தில் போய் இடித்தது. "அப்பிச்சி, ரத்தம் வருது" என்று அவள் சொன்னபோது அழக்கூட இல்லை, நான்தான் ஸ்டீயரிங்கை விட்டு எழ முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று தையல். இப்போது நன்றாக இருக்கிறாள், புருவத்துக்கு மேல் தழும்பு மட்டும் இருக்கிறது.

அது மோதல்கூட இல்லை, வெறும் பிரேக். மோதலாக இருந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கு ராத்திரி நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிற உடம்பு எதிலாவது மோதி நின்றால், அது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுந்ததற்குச் சமம், அதாவது ஒரு மொட்டை மாடி. 50 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட பத்து மீட்டர், மூன்று மாடி. நம் வண்டிகள் அவினாசி ரோட்டில் சாதாரணமாக ஐம்பது போகும். மூன்று மாடியிலிருந்து விழுகிற குழந்தையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்கிற பலம் எந்தத் தாய்க்கும் கிடையாது.

இத்தனை வருஷமும் இது நம் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் புதிய கார்களுக்கு முன் சீட்டு பெல்ட் கட்டாயமானதே 1994இல், பின் சீட்டுக்கு அதற்கும் பல வருஷம் கழித்து. நம்மிடம் இருக்கும் வண்டிகள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை. பெல்ட் இல்லாமலே வந்த வண்டி, அதனால் பெல்ட் நமக்கில்லை என்று நினைத்துக்கொண்டோம். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவைத் தலைவர் எடுத்து வாசித்துக் காட்டினார்: 14 வயசு ஆகாத குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் ஓட்டுபவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம். பழைய வண்டி என்ற விலக்கு அந்த வாசகத்தில் இல்லை. ஆனால் அபராதத்துக்குப் பயந்து இந்த வேலையில் இறங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்ட் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. கம்பெனியில் வராத சாமானை மாட்டினால் வண்டியின் அசல்தன்மை கெட்டுவிடும் என்று சூலூர் அண்ணன் சொன்னார், அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஒரு சரியான ஹப் கேப்புக்காக, அதாவது சக்கர மூடிக்காக, சென்னை புதுப்பேட்டை வரை நாலு தடவை போய்வந்தவர் அவர். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். இப்போது எல்லாக் காரிலும் இருக்கிற, மார்பையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற மும்முனைப் பெல்ட்டை வால்வோ கம்பெனியில் நில்ஸ் போலின் என்ற இஞ்சினியர் வடிவமைத்து, 1959இல் அது காரில் வந்துவிட்டது. காப்புரிமையையும் மற்ற கம்பெனிகள் பயன்படுத்தலாம் என்று வால்வோ திறந்துவிட்டது. 1959 என்றால் அம்பாசிடர் உத்தரபாராவில் உருள ஆரம்பித்த காலம், மெட்ராஸில் ஹெரால்டு வருவதற்கு இரண்டு வருஷம் முந்தி. ஆக, பெல்ட் நம் வண்டிகளின் வயசுதான். நமக்கு வந்து சேர முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். தரைவிரிப்புக்கு அடியில் நாலு துளையால் வண்டியின் மதிப்பு போகாது. ஹாலஜன் பல்பும் ரேடியல் டயரும் எப்போதோ போட்டுவிட்டோமே.

சரி, வேலைக்கு வருகிறேன். பெல்ட் வாங்குவது சுலபம். அதை எதில் மாட்டுவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. செப்டம்பர் முதல் கோவை கணபதிப் பகுதியில் நம் டிங்கர் மேஸ்திரி பட்டறையில் ஞாயிறு தோறும் கூடினோம். முதலில் வந்தது சிங்காநல்லூர் தம்பியின் ஹெரால்டு. பின் சீட்டைக் கழற்றி, விரிப்பை உரித்து, மேஸ்திரி ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்துத் தரையில் லேசாக அழுத்தினார். அது அப்பளத்தில் இறங்குவதுபோல இறங்கி அந்தப் பக்கம் வந்துவிட்டது. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, உள்ளே துரு. அந்தத் தகரத்தில் பெல்ட்டை முடுக்கியிருந்தால், இடித்த நிமிஷத்தில் போல்ட்டும் தகரமும் குழந்தையும் சேர்ந்தே முன்னால் போயிருக்கும். ஹெரால்டில் பாடி வேறு, சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் வேறு, பாடியைச் சேஸிஸ்மேல் போல்ட் போட்டுத்தான் உட்காரவைத்திருக்கிறார்கள், அதனால் அந்த இணைப்புகளையும் பார்க்க வேண்டியிருந்தது. அழுகிய பாகத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டு பண்ணி, அதற்கு அப்புறம்தான் பெல்ட் பேச்சையே எடுத்தோம். அந்த ஒரு வண்டிக்கு ஐந்து ஞாயிறு ஆனது.

எவ்வளவு பாரம் வரும் என்று கேட்டவர்களுக்கு: கார் பெல்ட் மாட்டும் இடத்தைச் சோதிக்கும் ஐ.நா. விதி 14இன்படி, மும்முனைப் பெல்ட்டின் மார்புப் பட்டையிலும் இடுப்புப் பட்டையிலும் ஒரே நேரத்தில் தலா 13,500 நியூட்டன் விசை கொடுத்து இழுக்கிறார்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு அம்பாசிடரைக் கட்டித் தொங்கவிடுகிற பாரம். வெறும் வாஷர் போட்டுத் தகரத்தில் முடுக்கினால் அது காகிதத்தைக் கிழிப்பதுபோலக் கிழித்துக்கொண்டு வரும். அதனால் தரைக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில், மூன்று மில்லிமீட்டர் கனத்தில், ஓரம் மழுக்கிய இரும்புத் தகடு வைத்து, நட்டை அதிலேயே வெல்டு பண்ணினோம். வெல்டு பிடிக்கும் முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும் என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார்.

போல்ட் விஷயத்திலும் கவனம் வேண்டும். சீட்பெல்ட் போல்ட் பொதுவாக 7/16 அங்குலம், யு.என்.எஃப். என்கிற நெருக்கமான மரை, அங்குலத்துக்கு இருபது மரை. நம் ஊர்க் கடையில் சட்டென்று கிடைப்பது 10 எம்.எம். போல்ட், அது அந்த நட்டில் இறங்குவதுபோல இறங்கும், பிடிமானம் இருக்காது. பெல்ட்டோடு வருகிற போல்ட்டையே போடுங்கள். தனியாக வாங்கினால் தலையைப் பாருங்கள், பலத்தைக் காட்டும் கோடுகள் இருக்கும், மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் அதைவிடப் பலமான கிரேடு 8, கோடே இல்லாததைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய பெல்ட் வேண்டவே வேண்டாம். நம் உறுப்பினர் ஒருவர் பழைய சாமான் கடையில் ஒரு ஜோடி வாங்கி வந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெயிலில் நீட்டிப் பிடித்தபோது பட்டையின் ஓரம் அலையலையாக இருந்தது, நூல் பிசிறடித்திருந்தது. ஒரு விபத்தில் இழுபட்ட பெல்ட் அது என்று மேஸ்திரி பார்த்தவுடனே சொன்னார். ஒரு தடவை இழுபட்ட பெல்ட்டை மறுபடி நம்ப முடியாது. கத்தரியால் வெட்டிப் போட்டோம், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதே.

என் வண்டியில் ஒரு தப்பும் நடந்தது. தானாகச் சுருட்டிக்கொள்ளும் ரீலைப் பின் கண்ணாடிக்குக் கீழே சாய்வாக வைத்தோம், பட்டையை இழுத்தால் வரவே இல்லை. அந்த ரீலுக்குள் ஒரு சின்னக் குண்டு இருக்கிறது, வண்டி குலுங்கினால் அது நகர்ந்து ரீலைப் பூட்டும். ரீல் சாய்ந்திருந்தால் வண்டி நிற்கும்போதே பூட்டிக்கொள்ளும். கோணம் மாற்றக்கூடிய பிராக்கெட் வாங்கி நேராக நிறுத்தியதும் சரியாகிவிட்டது.

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு அளவெடுத்த பெல்ட் ஆறு வயசுப் பிள்ளைக்குக் கழுத்தை அறுக்கும், இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறும். இடித்தால் குடல் நசுங்கும். பட்டை தோள் எலும்பின் மேலும், தொடை தொடங்குகிற இடுப்பு எலும்பின் மேலும் உட்கார வேண்டும், அதற்குத்தான் பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கிற பூஸ்டர் சீட்டு. அதிலும் சின்னக் குழந்தைக்குத் தனி இருக்கை. பழைய வண்டியில் குழந்தை இருக்கையை நேராக மாட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கி கிடையாது, அதனால் பெல்ட்டால் கட்டுகிற மாதிரியைத்தான் வாங்க வேண்டும், குழந்தை இருக்கைக்கான ஐ.நா. விதிகளின் ஆர்44 அல்லது ஆர்129 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வாங்குவதற்கு முன் வண்டியில் வைத்துக் கட்டிப் பாருங்கள், பத்மினியின் பின் சீட்டு பஞ்சு அமுங்கி இருந்தால் இருக்கை ஆடும். எங்கள் குஷன் கடைக்காரர் இரண்டு வண்டிக்கு அடிப்பஞ்சை மாற்றித் தந்தார்.

ஜீப்புக்கும் திறந்த வண்டிகளுக்கும் எங்களால் வழி காண முடியவில்லை. ஜீப்பின் பின்னால் எதிரெதிராக இருக்கிற பலகையில் பெல்ட் கட்டினாலும், முன்னால் இடிக்கும்போது குழந்தை பக்கவாட்டில் மடங்கும். புது உறுப்பினர் தம்பி மனசு கஷ்டப்பட்டார், ஆனாலும் ஒப்புக்கொண்டார். அவருடைய பிள்ளைகள் ஓட்டத்தன்று வேறு வண்டியில் வருவார்கள்.

பிரிட்டனில், முதலிலிருந்தே பெல்ட் இல்லாத பழைய காரில் மூன்று வயசுக்குக் கீழே உள்ள குழந்தையை ஏற்றவே கூடாது, அதற்கு மேற்பட்டவர்கள் பின் சீட்டில் மட்டும் உட்காரலாம் என்று விதி. நாம் அதைவிட ஒரு படி மேலே போவோம் என்பது செயற்குழுவின் கருத்து. 50 வருஷம் கடந்து, பழம்பெரும் வண்டிகளுக்கான வி.ஏ. பதிவு நம்பர் வாங்கிய வண்டிகள் தினசரி ஓட்டத்துக்கு இல்லை, கண்காட்சிக்கும் பேரணிக்கும்தான் ரோட்டுக்கு வருகின்றன. அந்த நாளில்தான் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஏறுகிறார்கள்.

இந்த மார்ச் வரை பதினொரு வண்டிகளுக்குப் பின் பெல்ட் போட்டாயிற்று, ஆறு பாக்கி. தையல் போட்ட பாப்பா ஜனவரியில் மேட்டுப்பாளையம் வந்தாள். பின்னால் பூஸ்டரில் உட்கார்ந்து, தானே கொக்கியைச் செருகி, சத்தம் வந்ததா என்று என்னிடம் கேட்டாள். வந்தது என்று சொன்ன பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

தீர்மானம் இதுதான்: சங்கத்தின் எந்த ஓட்டத்திலும் 14 வயசுக்குக் கீழே உள்ளவர்கள் பெல்ட் இல்லாத வண்டியில் ஏறக் கூடாது, முன் சீட்டில் எந்த வண்டியிலும் உட்காரக் கூடாது. கிளம்பும் இடத்தில் இரண்டு பேர் நின்று பார்ப்பார்கள். சூலூர் அண்ணன் முன்மொழிகிறார், அக்கா வழிமொழிகிறார். பாக்கி ஆறு வண்டிக்காரர்களும் அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பட்டறைக்கு வந்துவிடுங்கள், பின் சீட்டையும் விரிப்பையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள்.