பொங்கல் படம் பார்த்தோம்

தக்கலை
தை 8

அன்பு மக்களே,

நீ ஸ்டேட்டஸில் போட்ட பொங்கல் படம் பார்த்தோம். பட்டுச்சேலை உனக்கு நன்றாக இருக்கிறது. பிள்ளை வளர்ந்துவிட்டான். படம் எடுத்தது மாப்பிள்ளையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மை போனில் உன் கையை மட்டும் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆபீசில் உனக்குப் பெரிய பொறுப்பு கிடைத்ததைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். ஆனால் அதையும் ஸ்டேட்டஸில் பார்த்துத்தானே தெரிந்துகொண்டோம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

32 வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். ரவிவர்மாவின் 'இதோ அப்பா வருகிறார்' படத்தை வகுப்பில் காட்டாத வருஷம் இல்லை. 1893இல் சொந்த மகளையும் பேரனையும் வைத்து வரைந்தது. இடுப்பில் பிள்ளை, காலடியில் நாய், வருகிறவரைக் கைகாட்டும் அம்மா. சந்தோஷமான குடும்பம் இதுதான் என்று உனக்கும் சொல்லியிருக்கிறேன். அந்த அப்பா படத்தில் எங்கே என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. தாய்வழியில் சொத்து போகிற அந்தக் கால மருமக்கள்தாய வீடுகளில் அப்பா வந்துபோகிறவர்தான். பிள்ளை அம்மாவின் தறவாட்டுக்கு, அதாவது அம்மா வழிக் கூட்டுக்குடும்பத்துக்குச் சொந்தம். வீட்டில் இல்லாத ஒரு குடும்பத்தை ரவிவர்மா ஆசைப்பட்டு வரைந்திருக்கிறார். அவர் 11 வயதுப் பையனாக இருந்த 1859 வரை நம் பக்கத்துப் பெண்கள் தோள்சீலைக்காக, மார்பை மறைக்கும் உரிமைக்காக அடிபட்டார்கள். அவருடைய பட்டுச்சேலைப் பெண்களைப் பார்த்தால் இதே திருவிதாங்கூரில் அப்படியொரு போராட்டம் நடந்ததென்று யாருக்குத் தெரியும்? படத்தைக் குறை சொல்லவில்லை. அந்தச் சேலை மடிப்பு எனக்கு இன்றுவரை கைவரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. வீடியோ வேண்டாம், குரல் போதும். 

கூடத்தில் தொங்குகிறதே, நாகர்கோவில் ஸ்டூடியோவில் எடுத்த படம், நீ மஞ்சள் பாவாடையில். அன்று காலையில் நான் அம்மையை அடித்திருந்தேன். பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். ஸ்டூடியோ வாசலில், முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரி என்றேன். உன்னையும் அதட்டினேன். நீ சிரித்தாய். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். படத்துக்காகச் சிரிக்க உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான் மக்களே. உன் பொங்கல் படத்தைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அம்மையிடம் மன்னிப்புக் கேட்டேன். பதில் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்விட்டாள். அந்தப் படத்தை இறக்கிவிடட்டுமா என்று அப்புறம் கேட்டேன். வேண்டாம், அதில் என் மகள் இருக்கிறாள் என்றாள்.

அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் இரணியல். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. நான் ஸ்டேஷனில் நிற்பேன். என்ன விஷயம் என்று கேட்க மாட்டேன். அம்மையும் கேட்க மாட்டாள்.

அப்பா