கண்டாவளையிலிருந்து பிந்திய ஒரு நன்றி

2018 மார்கழியில் கிளிநொச்சியில் வந்த வெள்ளத்தில் எங்களோடு நின்ற எல்லாருக்கும் வணக்கம். இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும். வீடு கழுவுவதும் கிணறு இறைப்பதும் அழுகிய வயலைப் போய்ப் போய்ப் பார்ப்பதுமாக நாள் ஓடிவிட்டது, அப்புறம் பிந்திவிட்டதே என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது.

டிசம்பர் 21 இரவு இரணைமடுக் குளம் நிரம்பி, கனகராயன் ஆறு எங்கள் பக்கம் ஊருக்குள் வந்தபோது அம்மாவைத் தோளில் தூக்கி உழவு மெசின் பெட்டியில் ஏற்றிய தம்பிமாருக்கு முதல் நன்றி. உங்கள் வீடுகளுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர் நின்றது பிறகுதான் எனக்குத் தெரியும். திறப்போடு நனைந்து வந்து பாடசாலையைத் திறந்துவிட்ட அதிபருக்கும், வவுனியாவிலிருந்து பாணும் பால்மாவும் கொண்டுவந்த முஸ்லிம் அண்ணாமாருக்கும் நன்றி. பெண்களுக்குத் தேவையானதை நாங்கள் கேட்காமலே பையில் போட்டுத் தந்த அக்காமாரே, உங்களை மறக்க மாட்டேன் (நிவாரணப் பட்டியல் எழுதும் ஆண்களுக்கு அது ஒருநாளும் நினைவில் வராது).

அம்மாவுக்கு இன்சுலின். கரண்ட் இல்லை. மருந்து பழுதாகிவிடுமே என்று நான் வாசலில் நின்று புலம்பியதை யாரோ கேட்டிருக்கிறார்கள், ஒரு மணித்தியாலத்தில் மீன் வியாபாரி ஒருவர் பழைய பிளாஸ்க் நிறைய ஐஸ் கொண்டுவந்து, மருந்து ஐஸில் முட்டக்கூடாதாம் என்று தன் துவாயையே கிழித்துச் சுற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

இனிச் சொல்வது கொஞ்சம் கூச்சமான விஷயம். 2009இல், கடைசி யுத்தத்தில், மாத்தளனில் பங்கருக்குள் இருந்து நான் கூப்பிடாத தெய்வம் இல்லை. அண்ணா வரவில்லை. மெனிக்பாம் அகதி முகாமில் ஒருவர், கஷ்டம் தந்துதான் கடவுள் எங்களைக் கிட்ட எடுக்கிறார் என்றபோது அவரை அடிக்கலாம் போலிருந்தது. அதற்குப் பிறகு வற்றாப்பளை அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிப் போனாலும் நான் வெளியில் செருப்புக்குத்தான் காவல்.

அன்றிரவு வகுப்பறை இருட்டில் அம்மா தேவாரம் தொடங்கினார். அடுத்த மூலையில் வேதக்காரக் குடும்பமொன்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. எப்போது என் வாயும் அம்மாவோடு சேர்ந்தது என்று தெரியாது, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பாட்டு ஒரு வரி பிசகாமல் வந்தது.

சைவசமய பாடத்தில் படித்தோமே, அப்பரைச் சிவனிடம் திருப்பியது சூலைநோய் என்று. எனக்கு அந்தக் கதையில் இப்போது அவரின் அக்கா திலகவதியார்தான் தெரிகிறார். அக்கா திருநீற்றோடு காத்திருக்காவிட்டால் அந்த நோய் வெறும் வயிற்றுக்குத்துத்தானே? முதல்முறை எனக்கு நோவு மட்டும் வந்தது. இந்தமுறை நீங்களும் வந்தீர்கள். அதற்காக வெள்ளம் நல்லது என்று என்னைச் சொல்லவைக்க முடியாது, அந்தக் காலபோக நெல் விதைப்புக் கடன் கட்டி முடிய எவ்வளவு காலம் எடுத்தது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வைகாசியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, திருநீற்றை மட்டும் நீட்டினார்.

சரி, மீன்கார அண்ணா, பிளாஸ்க் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. நீலநிறம், மூடியில் சிவப்புப் பெயின்ற் கீறு. உங்களுடையதென்றால் ஒருக்கால் வீட்டுப் பக்கம் வாருங்கள், அம்மா உங்களுக்கென்று ஒரு துவாயும் வாங்கி வைத்திருக்கிறார்.