கல்வெட்டு வைக்க முடியாத செலவுக்கும் கொஞ்சம் காசு ஒதுக்குங்க: நகரமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

நகரமன்ற உறுப்பினர்களுக்கு, முக்கியமா நிதிக்குழுல இருக்கறவங்களுக்கு,

வணக்கம். வீடில்லாதவங்க ராத்திரி வந்து தங்குற இடத்துல எட்டு வருஷமா வேலை பாக்குறேன், முதல்ல சும்மா வாலண்டியரா போனேன், அப்புறம் சம்பளத்துக்கே சேர்ந்துட்டேன். இந்த வருஷ பட்ஜெட் வரைவை உக்காந்து முழுசா படிச்சேன். புது தங்குமிடம் கட்ட நல்ல தொகை போட்டிருக்கீங்க, சந்தோஷம்தான். ஆனா அதே பக்கத்துல கொஞ்சம் கீழ வந்தா வாடகை உதவி குறைஞ்சிருக்கு, கேஸ் வொர்க்கர் (ஒவ்வொருத்தருக்கும் பேப்பர், வீடுன்னு கூட இருந்து ஏற்பாடு பண்ற ஊழியர்) சம்பளத்துக்கான மானியம் "அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும்"னு போட்டிருக்கு. அந்த ரெண்டு வரியப் பத்தி பேசத்தான் இதை எழுதுறேன், மத்த வரவு செலவெல்லாம் எனக்குப் புரியவும் இல்ல.

கட்டடம் கட்டினா திறப்பு விழா வைக்கலாம், கல்வெட்டுல பேர் போடலாம், போட்டோ வரும். ஒருத்தருக்கு ரெண்டு மாச வாடகை பாக்கிய கட்டி அவர் வீட்டை விட்டு வெளிய வராம பாத்துக்கிட்டோம்னா அதுக்கு என்ன விழா வைக்கிறது, நடக்காத ஒண்ண எப்படி போட்டோ எடுக்குறது? உங்களை நக்கல் பண்ணணும்னு சொல்லல, உங்க இடத்துல நான் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியற செலவைத்தான் முதல்ல பண்ணியிருப்பேனோ என்னவோ. ஆனா கண்ணுக்குத் தெரியாத அந்த செலவை வெட்டினா என்ன ஆகுதுன்னு தினம் நான் பாக்குறேன், அதனால சொல்றேன்.

எங்ககிட்ட வர்ற ஒரு அண்ணன் இருக்காரு. அவர்கிட்ட ஒரு பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள இன்னொரு கவர், அதுக்குள்ளதான் அவரோட பேப்பர்லாம். அடையாள அட்டை ஜெராக்ஸ், ஆஸ்பத்திரி சீட்டு, பழைய வாடகை ஒப்பந்தம், வீட்டுக்கு அப்ளிகேஷன் போட்டதுக்கான ரசீது. புதுசா ஒரு கேஸ் வொர்க்கர் வந்தா மேஜை மேல அதை ஒண்ணொண்ணா அதே வரிசையில எடுத்து வைப்பாரு. நான் பாக்க நாலு தடவை வச்சாச்சு. ஏன்னா எங்க மானியம் வருஷா வருஷம் புதுப்பிக்கிறது, வருஷக் கடைசியில காசு வருமா வராதான்னு யாருக்கும் தெரியாது, நிச்சயமில்லாத வேலையில ஆளுங்க எத்தனை நாள் இருப்பாங்க, வேற நல்ல வேலை கிடைச்சதும் கிளம்பிடுறாங்க. நாலாவதா வந்த பொண்ணுகிட்ட அவர் பேப்பரை எடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டாரு, "நீங்க எப்பம்மா போவீங்க?"ன்னு. கோவமெல்லாம் இல்ல, பஸ் எப்ப வரும்னு கேக்குற மாதிரிதான் கேட்டாரு. அந்தப் பொண்ணுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

அதுல நடந்த கூத்து என்னன்னா, மூணாவது ஆள் போயி நாலாவது ஆள் வர்றதுக்குள்ள வெயிட்டிங் லிஸ்ட்ல அவர் முறை வந்துடுச்சு. லெட்டர் வந்திருக்கு, குறிப்பிட்ட நாளுக்குள்ள பதில் போடணும்னு இருந்திருக்கு, அந்த லெட்டர் பாட்டுக்கு ஆள் இல்லாத மேஜையில கிடந்துச்சு. பேரை எடுத்துட்டாங்க. திரும்ப லிஸ்ட்டோட கடைசிக்கு. இந்த நஷ்டம் உங்க பட்ஜெட்ல எந்த வரியில வருதுன்னு நான் தேடிப் பாத்தேன், எங்கயும் வரல.

"முதல்ல குடியை நிறுத்தட்டும், வேலைக்குப் போகட்டும், அப்புறம் வீடு கொடுக்கலாம்"னு உங்க கூட்டத்துல ஒருத்தர் சொன்னாரு. கேக்க நியாயமாத்தான் இருக்கும், நானும் ஆரம்பத்துல அப்படித்தான் நினைச்சேன். ஆனா படுக்க இடமில்லாதவன் எங்க போயி குளிச்சு, எந்த அட்ரஸ் கொடுத்து வேலை கேப்பான்? 1992ல நியூயார்க்ல சாம் செம்பெரிஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட் இதை அப்படியே திருப்பிப் போட்டாரு. முதல்ல வீடு, நிபந்தனை இல்லாம, அப்புறம் மத்த உதவியெல்லாம் அவங்க சம்மதத்தோட. ஹவுசிங் ஃபர்ஸ்ட்னு பேரு. கனடாவுல இதை 2009ல இருந்து 2013 வரைக்கும் ஐந்து நகரத்துல ரெண்டாயிரத்துக்கு மேல ஆட்களை வச்சு முறையா சோதிச்சாங்க. கடைசி ஆறு மாசத்தை எடுத்துப் பாத்தா, வீடு கொடுத்த குரூப்ல 62 சதவீதம் பேர் முழு நேரமும் வீட்டுலயே இருந்தாங்க, வழக்கமான சேவை மட்டும் கிடைச்ச குரூப்ல 31 சதவீதம்தான். பணம் மிச்சமாகுமான்னு கேப்பீங்க, நேர்மையா சொல்லணும்னா எல்லார் விஷயத்துலயும் போட்டதுக்கு மேல திரும்ப வரல. ஆனா ஆஸ்பத்திரி, போலீஸ், ஜெயில்னு ஏற்கனவே அதிகமா செலவு வைக்கிற 10 சதவீதம் பேர் இருக்காங்க பாருங்க, அவங்களுக்கு 10 டாலர் போட்டா 21 டாலருக்கு மேல மிச்சமாச்சு.

ஃபின்லாந்து கதையை எல்லாரும் சொல்வாங்க, நான் கொஞ்சம் வேற பக்கத்தைச் சொல்றேன். அங்க 2008ல தேசிய அளவுல திட்டம் போட்டு, பெரிய பெரிய தங்குமிடங்களையே மாத்திக் கட்டி தனித்தனி ஃபிளாட்டா ஆக்கினாங்க, வாடகை ஒப்பந்தம் அவங்கவங்க பேர்ல, பக்கத்துலயே உதவிக்கு ஆளும் உண்டு. தலைநகர் ஹெல்சிங்கியில தங்குமிடப் படுக்கை 2016ல வெறும் 52தான். நாடு முழுக்க வீடில்லாதவங்க எண்ணிக்கை பத்து வருஷத்துக்கு மேல குறைஞ்சிட்டே வந்துச்சு. அப்புறம் 2024ல வீட்டு உதவித்தொகையை அரசாங்கம் குறைச்சாங்க. அந்த வருஷக் கடைசி கணக்குல 3,429ஆ இருந்த எண்ணிக்கை 3,806ஆ ஏறிடுச்சு. அத்தனை வருஷம் கழிச்சு திரும்ப ஏறுது. கட்டின ஃபிளாட்டெல்லாம் அங்கயேதான் நிக்குது, யாரும் தூக்கிட்டுப் போகல. இதுக்கு அது ஒண்ணுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா வாடகை உதவிய வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்த ரெண்டு நம்பரையும் பாத்துடுங்க.

லாஸ் ஏஞ்சலஸ்லயும் இதே பாடுதான் பட்டாங்க. 2016 நவம்பர்ல மக்கள் ஓட்டுப் போட்டு 120 கோடி டாலருக்கு கடன் பத்திரம், பத்தாயிரம் வீடு வரைக்கும் கட்டலாம்னு கணக்கு. ஆனா அந்த மாதிரி பத்திரக் காசை கட்டடத்துக்குத்தான் தொடலாம், உள்ள இருக்கறவங்களுக்கு உதவுற ஆள் சம்பளத்துக்குத் தொட முடியாது. அதுக்குன்னு தனியா 2017ல கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) லெவல்ல விற்பனை வரியில கால் சதவீதம் ஏத்த இன்னொரு ஓட்டு எடுக்க வேண்டியிருந்துச்சு, அதுவும் பத்து வருஷத்துக்கு மட்டும். பிறகு 2024ல அதை அரை சதவீதமாக்கி முடிவுத் தேதியே இல்லாம மாத்தினாங்க. வீடு கட்டற செலவு ஒரு யூனிட்டுக்கு சராசரியா 5 லட்சம் டாலரைத் தாண்டிப் போனதும், கட்டி முடிக்க வருஷக்கணக்கா ஆனதும் தனி வயித்தெரிச்சல், அதுக்குள்ள நான் போகல. நான் சொல்ல வர்றது, கட்டடக் காசும் ஆள் காசும் ரெண்டு வேற வேற பை, ஒண்ணுல போட்டா இன்னொண்ணு தானா நிறையாது.

குறைஞ்ச வாடகை வீட்டைப் பத்தியும் ஒரு வார்த்தை. நாங்க ஒருத்தருக்கு வீடு பாத்து அனுப்பறதுக்குள்ள வாடகை ஏறிப்போய் ரெண்டு பேர் வாசல்ல வந்து நிக்கறாங்க, ஓட்டை வாளியில தண்ணி பிடிக்கிற மாதிரிதான். ஆஸ்திரியா தலைநகர் வியன்னாவுல 1923லயே வீட்டுக்குன்னு தனி வரி போட்டு கட்ட ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு அந்த ஊர் ஜனங்கள்ல பாதிப் பேர் மாநகராட்சி வீட்டுலயோ மானிய வீட்டுலயோ இருக்காங்க. நூறு வருஷ வேலை அது. ஒரே பட்ஜெட்ல அதைக் கேக்கற அளவுக்கு நான் முட்டாள் இல்ல.

நான் கேக்குறது இவ்ளோதான். கேஸ் வொர்க்கர் மானியத்தை மூணு வருஷத்துக்கு ஒரே தடவையா கையெழுத்துப் போடுங்க. வாடகை உதவி போன வருஷம் இருந்த அளவுக்காவது திரும்ப வரட்டும், அதுல ஒரு பங்கை வாடகை பாக்கியால வெளியேறப் போறவங்களுக்குன்னு தனியா வைங்க, ஏன்னா ஒருத்தர் தெருவுக்கு வந்தப்புறம் திரும்ப வீட்டுல சேர்க்கற செலவு எங்கயோ போயிடும். காசு எங்க இருந்து வரும்னா, புதுக் கட்டடத்துல படுக்கையைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க. தங்குமிடத்துல வேலை பாக்குற நானே இதைச் சொல்றேன், கூட வேலை பாக்கறவங்க சிலருக்கு என் மேல வருத்தம் வரலாம், பரவாயில்ல.

அந்த அண்ணனுக்கு கடைசியில போன மாசம் ஒரு ரூம் கிடைச்சிடுச்சு, நாலாவதா வந்த பொண்ணுதான் ஓனர்கிட்ட பேசிப் பேசி முடிச்சுது. முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணியிருக்காரு. எங்க இடத்துல பத்து மணிக்கு நாங்களே லைட்டெல்லாம் ஆஃப் பண்ணிடுவோம், அந்தப் பழக்கம். "லைட்டை நானே ஆஃப் பண்ணிக்கலாமாம்மா, இல்ல யாராவது வருவாங்களா?"ன்னு கேட்டிருக்காரு.

அந்தப் பொண்ணோட கான்ட்ராக்ட் உங்க "அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும்" வரிக்குள்ளதான் இருக்கு. பட்ஜெட் கூட்டத்துக்கு நான் வர்றேன், மூணு நிமிஷம்தான் பேச விடுவீங்கன்னு தெரியும், அதனாலதான் இவ்ளோ நீளமா முன்னாடியே எழுதிட்டேன்.

இப்படிக்கு,
ராத்திரி ஷிஃப்ட்ல இருந்து ஒரு ஊழியர்