லூசி இல்லை, லெய்கி

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஊர்க்காரர்கள் வாயில் நுழைகிற பெயராக வைத்தால் என்ன என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் இருப்பது பிரிட்டனில், இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸில், அபெரிஸ்ட்வித் பக்கம். கணவர் வெல்ஷ்காரர், இங்கே தனியாக வெல்ஷ் என்று ஒரு மொழி இருக்கிறது. மகளுக்கு வயது 9, பெயர் லெய்கி. தமிழில் இப்படித்தான் எழுத முடிகிறது, ஆனால் முதலில் இருப்பது நம்முடைய ல இல்லை. ல சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல் பக்கவாட்டில் காற்றை மட்டும் விட்டால் ஒரு ஒலி வரும், அதுதான். இரண்டு எல் சேர்த்து எழுதினாலும் வெல்ஷில் அது ஒரே எழுத்து. 29 எழுத்துகளில் எல்லுக்கு அடுத்து அதற்கென்று தனி இடம் இருக்கிறது. அவள் படிக்கும் வெல்ஷ்வழிப் பள்ளியில் கோட்டு மாட்டும் கொக்கிகளுக்கு மேலே பெயர்களை அகர வரிசையில் ஒட்டியிருக்கிறார்கள், எல்லில் தொடங்கும் பிள்ளைகள் எல்லாரும் முடிந்த பிறகுதான் இவள் கொக்கி வரும். அங்கே யாரும் இவள் பெயரைக் கேட்டு முழிப்பதில்லை.

ஆனால் 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸிலேயே வெல்ஷ் பேசுகிறவர்கள் 17.8 சதவீதம்தான். இங்கிலாந்துக்குப் போனால் கேட்கவே வேண்டாம். போன கோடையில் அங்கே ஒரு மருத்துவமனையில் பெயர் கூப்பிட வந்தவர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார், அப்புறம் குடும்பப் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, "இதையெல்லாம் எப்படிச் சொல்வது" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். திரும்பி வரும்போது காரில் மகள் சொன்னாள், "அம்மா, வேல்ஸுக்கு வெளியே நான் லூசின்னு சொல்லிக்கிறேன்." எனக்குப் பதில் வரவில்லை.

ஏனென்றால் நானும் அதைச் செய்தவள். என் பெயர் கயல்விழி. ழகரத்துக்கு ஆங்கிலத்தில் எந்த எழுத்தைப் போட்டாலும் இங்கே யாருக்கும் வராது. முதல் வேலையில் மேலாளர் "கே என்று கூப்பிடட்டுமா?" என்றார், சரி என்றேன். ஆறு வருஷம் கே. என் பெயர் தெரியாத மனிதர்களோடு ஆறு வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், அதை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது.

வெல்ஷ்காரர்களுக்கும் இது புதிதில்லை. அவர்களும் நம்மைப் போல அப்பா பெயரைச் சேர்த்துச் சொன்னவர்கள்தான், ஹவெலின் மகன் என்றால் 'ஆப் ஹவெல்'. 1536இல் இங்கிலாந்து போட்ட சட்டம் வேல்ஸ் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்தது, பெயர்களும் கொஞ்சம் கொஞ்சமாக ஆங்கில வாய்க்குத் தகுந்த மாதிரி மாறின. ஆப் ஹவெல் பவல் ஆனது, ஆப் ஹ்ரீஸ் பிரைஸ் ஆனது. என் மகள் பெயரில் இருக்கும் அதே எழுத்தில் தொடங்கும் ஒரு பெயர் லாயிட் என்றும் ஃபிளாயிட் என்றும் இரண்டாகப் போனது. இத்தனைக்கும் நடுவில் லெய்கி தப்பித்து வந்திருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் லெய்கி என்ற பெண் இறந்தபோது அவளை எழுந்துவரச் சொல்லி ஒரு கவிஞர் பாடிய இரங்கற்பா இன்றைக்கும் இருக்கிறது. அந்தப் பெண்ணின் ஊர் பென்னல், எங்கள் மாமியாருக்கும் அந்தப் பக்கம்தான். அதனால்தான் இந்தப் பெயர்.

அந்த வாசகர் அக்கறையில்தான் எழுதியிருப்பார், புரிகிறது. ஆனால் பெயரைச் சுருக்கச் சொல்வதற்கு முன்னால் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாமே. எங்கள் பல் டாக்டர் மான்செஸ்டர்காரர், முதல் நாளே "நீயே சொல்லிக் கொடு" என்று அவளிடம் உட்கார்ந்து மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். திருநெல்வேலியில் என் அப்பாவுக்கு 74 வயது, வீடியோ காலில் ஊதி ஊதிப் பழகி இப்போது சுத்தமாகச் சொல்கிறார். ஒரு நிமிட வேலை இது.

அடுத்த வாரம் புது நீச்சல் வகுப்பு. பெயர்ப் படிவத்தை அவளையே நிரப்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

கயல்விழி,
வேல்ஸ்.