கிருதுமாலும் ஆறுதான்: ஒரு திறந்த மடல்

மதுரை மாநகரையும் அதன் நீர்நிலைகளையும் நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

மதுரையின் ஆறு எது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூட வைகை என்றுதான் சொல்லும். மேற்கே நாகமலை, துவரிமான் பக்கம் தொடங்கி, எல்லீஸ் நகர், கீரைத்துறை, சிந்தாமணி வழியாக நகரைக் கடந்து குண்டாற்றில் சேரும் கிருதுமாலும் ஆறுதான். கூடலழகர் கோயிலை ஒட்டி மாலைபோல வளைந்து சென்றதால் வந்த பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

சென்ற வாரம் எல்லீஸ் நகர்ப் பாலத்தில் நின்றிருந்தேன். கறுத்த நீரின்மேல் ஆகாயத்தாமரை. அதன்மேல் கிழிந்த மெத்தை ஒன்று. பக்கத்தில் இளநீர் விற்றவரிடம் இது என்ன ஆறு என்று கேட்டேன். "ஆறா? சாக்கடைங்க," என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது ஆறு என்று சொல்லும் பலகை ஒன்றும் அங்கே என் கண்ணில் படவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. 1875இல் ரயிலும் வந்தது. அதுவரை சுவருக்குள் அடங்கியிருந்த ஊர் மேற்கிலும் தெற்கிலும் பெருகியபோது, ஆற்றங்கரையை வீட்டுக் கொல்லையாகவும், ஆற்றைக் கழிவு போகும் வழியாகவும் ஆக்கிக்கொண்டது. இதில் என்னைப் போன்ற நகரவாசிகளின் பங்கே பெரிது.

வியப்பு என்னவென்றால், விரகனூர் மதகணை வழியாக நரிக்குடி, திருச்சுழி பக்கத்துக் கண்மாய்களுக்கு வைகை அணை நீரைத் திறக்கும்போது, அரசின் அறிவிப்பே 'கிருதுமால் நதி' என்று எழுதுகிறது. ஊருக்குக் கீழே நதியாக இருப்பது ஊருக்குள் மட்டும் எப்படிச் சாக்கடையாகும்? நாம் விடுகிற கழிவும் அந்த உழவர்களின் திசையில்தானே போகிறது?

கரை நெடுகக் கான்கிரீட் சுவர் எழுப்புமுன், வருவாய்த் துறைப் பதிவேட்டில் உள்ள அகலத்தை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். இரு கரையிலிருந்தும் விழும் கழிவுநீரைப் பாதாளச் சாக்கடையில் சேர்க்க வேண்டும். இவற்றுக்குப் பணமும் காலமும் தேவை என்பதை அறிவேன். ஆனால் ஒவ்வொரு பாலத்திலும் 'கிருதுமால் ஆறு' என்று ஒரு பலகை வைக்க ஒரு வாரம் போதும். ஐப்பசி மழைக்கு முன் முதல் பலகையை அந்த எல்லீஸ் நகர்ப் பாலத்தில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மதுரைவாசி ஒருவர்