அப்பத்தா காலத்தில் ஏன் யாரும் பிரியவில்லை: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

காரைக்குடியில் நம் நகரத்தார் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. "அந்தக் காலத்து ஆச்சிமார் எல்லாரும் அனுசரித்துத்தானே வாழ்ந்தார்கள், நம் வளவு வீட்டில் யாராவது விவாகரத்து வாங்கினார்களா, இப்போது உள்ள பெண்களுக்குத்தான் பொறுமை இல்லை" என்றாய், பெரியவர்களும் ஆமாம் போட்டார்கள். விசேஷ வீட்டில் வாக்குவாதம் வேண்டாம் என்று நான் பேசவில்லை. ஆனால் உனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிற நேரம் இது. இந்த நினைப்போடு நீ ஒரு பெண்ணுக்குத் திருப்பூட்டித் தாலி கட்டக் கூடாது, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பத்தா ஏன் விவாகரத்து வாங்கவில்லை தெரியுமா? அவருக்குக் கல்யாணம் நடந்த 1930-களில் அதற்கு வழியே கிடையாது. அறுத்துக்கட்டும், அதாவது பிரிந்து மறுமணம் செய்யும், வழக்கம் இருந்த சில சமூகங்களை விட்டுவிட்டால், இந்துப் பெண்ணுக்குத் தாலி ஏறினால் ஏறியதுதான். சென்னை மாகாணத்தில் இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் இடம் கொடுத்த சட்டம் 1949-ல் வந்தது. நாடு முழுவதற்கும் 1955-ல். இரண்டு பேரும் மனமொத்துப் பிரியலாம் என்பது 1976-ல்தான். 1949-க்கு முன்னால் ஆண்பிள்ளை மட்டும் ஒருத்தி இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளலாம், பிள்ளை இல்லை என்பது ஒன்றே அதற்குப் போதுமான காரணம். வெளியே போகக் கதவே இல்லாத வீட்டில் ஒருத்தி கடைசிவரை இருந்தாள் என்பதை வைத்து, அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று எப்படிச் சொல்கிறாய்?

அப்பத்தா 13 வயதில் இந்த வீட்டுக்கு வந்தவர். பெண்ணுக்கு 14 ஆக வேண்டும் என்று 1929-லேயே சட்டம் போட்டாயிற்று, ஊரில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அப்பத்தாவின் வீட்டுக்காரர், நம் ஐயா, ரங்கூன் கடைக்கு மூன்று வருஷக் கணக்குக்குப் போவார், கணக்கு முடித்து வந்து சில மாதம் இருப்பார், மறுபடி கப்பல் ஏறிவிடுவார். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்து எல்லாம் போனபிறகுதான் அவர் ஊரோடு தங்கினார். அதுவரை அவர்கள் இருவரும் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டிப் பார், நீ சொல்கிற அனுசரிப்பு யாரோடு நடந்தது என்று புரியும். மாமியாரோடு, வீட்டின் இரண்டாங்கட்டில் இருந்த மற்ற பெண்களோடு, வராத கடிதத்தோடு. கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன இடத்தில் சிலருக்கு இன்னொரு குடும்பமும் இருந்தது. வீட்டுப் பெண்களுக்கு அது தெரியும், வாய் திறக்க முடியாது.

அதற்காக அந்தக் காலத்தில் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே மகனையும் மருமகளையும் 'வேறு வைத்து' விடுவார்கள். ஒரே வளவுதான், ஆனால் அவர்களுக்கென்று ஓர் அறை, தனி அடுப்பு, வருஷத்துக்கு இவ்வளவு என்று செலவுப் பணம். இன்றைக்குச் சென்னையில் தனிக்குடித்தனம் கேட்கும் பெண்ணைக் குடும்பத்தைப் பிரிக்கிறவள் என்கிறார்களே, நம் ஆட்கள் அதை முறையாகவே வைத்திருந்தார்கள். அப்புறம் ஆச்சிமார் பணம். பெண்ணுக்குக் கொடுத்த சீதனப் பணத்தைக் கடையின் பெட்டியடிக் கணக்கில் அவள் பேரிலேயே வரவு வைத்து, வட்டி போட்டு வைப்பார்கள். பெண்ணுக்குத் தனி அடுப்பும் தன் பேரில் பணமும் வேண்டும் என்று எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தலைமுறைப் பாட்டிகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது, தம்பி.

இப்போது அதில் எது மிஞ்சியிருக்கிறது பார். அவள் பேரில் இருந்த கணக்கு போய்விட்டது, சாமான் சிட்டை, அதாவது பெண் வீட்டார் தர வேண்டிய சீர்ப் பட்டியல், மட்டும் அப்படியே நிற்கிறது. வைரம் எத்தனை, வெள்ளி எவ்வளவு, பவுன் எவ்வளவு என்று நம் வீட்டிலேயே இந்த மாதம் கேட்டிருக்கிறோம். வரதட்சணையைத் தடை செய்தது 1961-ல். எனக்கு இது மிகவும் வலிக்கிறது, ஏனென்றால் எனக்குச் சாமான் வாங்க நம்மைப் பெற்ற அப்பச்சி பட்ட பாட்டை நீ சின்னப் பையனாக இருந்ததால் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

சொத்து விஷயமும் இப்படித்தான். கோவிலில் குடும்பங்களைக் கணக்கெடுக்கும் புள்ளியில் மகளுக்கு இடமில்லை, மகன் இல்லாவிட்டால் பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டிக்கொள்வார்கள், அதாவது தத்தெடுப்பார்கள். தமிழ்நாட்டில் 1989-ல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு இல்லை. 2005-ல் அந்தத் தடையும் போனது, 2020-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் போன பாகப்பிரிவினையில் நம் அயித்தையிடம் பங்கு வேண்டாம் என்ற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கித்தான் வேலையை முடித்தார்கள். அயித்தை ஒன்றும் சொல்லவில்லை. அதையும் பொறுமை என்று சொல்லிவிடாதே.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பார்த்திருக்கும் பள்ளத்தூர்ப் பெண் கேட்டது இரண்டே இரண்டு கேள்வி. கோயம்புத்தூர் வேலையை விட வேண்டுமா, ஒரே மகள் என்பதால் பின்னால் அவளைப் பெற்ற ஆத்தாவும் அப்பச்சியும் உங்களோடு வந்து இருக்கலாமா. நீ அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாய். அப்பத்தாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, அவரும் யாரையும் கேட்க முடியவில்லை. இவள் திருப்பூட்டுக்கு முன்னாலேயே, மரியாதையாக, நேராகக் கேட்கிறாள். இப்படிக் கேட்கிறவளோடுதான் மனம் விட்டுப் பேசி வாழ முடியும் என்று நான் நம்புகிறேன்.

தரகர் வழியாகப் பதில் சொல்லி அனுப்பாதே, நீயே போன் போட்டுப் பேசு. முடியும் என்றால் முடியும் என்று சொல், முடியாது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடு, அவள் யோசித்துக்கொள்ளட்டும். சாமான் சிட்டையை நிறுத்தும்படி நான் ஆத்தாவிடம் பேசிக்கொள்கிறேன், அப்பச்சியிடம் மட்டும் நீ சொல்ல வேண்டும், மகன் வாயால் கேட்டால்தான் அவருக்கு ஏறும். பெண் வீட்டார் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார்கள், அதற்குள் இரண்டையும் முடித்துவிடு.

அன்புடன்
உன் உடன்பிறந்த ஆச்சி